பசுமைக் கணக்கில் பற்று யார் பெயரில்?

போச்சம்பள்ளிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: “பர்கூர், போச்சம்பள்ளி, சூளகிரி, ஓசூர் என்று கிருஷ்ணகிரி மாவட்டமே மின் ஸ்கூட்டர் மாவட்டம் ஆகிவிட்டது. ஊரெல்லாம் கூரையில் சோலார் ஏறுகிறது. மின்வாரியத்தில் வேலை பார்த்த உங்களைப் போன்றவர்களே இதையெல்லாம் சந்தேகமாகப் பேசினால் எப்படி ஐயா? உலகம் சூடாவதை நம்பவில்லையா? நிலக்கரியே போதும் என்கிறீர்களா? எங்கள் வீட்டில் 3 கிலோவாட் போடலாம் என்றிருக்கிறோம், அதையும் வேண்டாம் என்பீர்களா?”

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன் தம்பி. உலகம் சூடாகிறது, அதில் நிலக்கரிப் புகைக்குப் பெரிய பங்கு உண்டு. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அதே சமயம், என்னைப் பழைமைவாதி என்று யாராவது சொன்னால் கோபமும் வராது. ஓடுகிற மோட்டாரைக் கிணற்றிலிருந்து ஏற்றுவதற்கு முன்னால், புது மோட்டாரை மேலேயே ஓட்டிப் பார்த்துவிடு என்று சொல்கிற ஆள் நான். பசுமைத் திட்டம் எதை எடுத்தாலும் வரவு யார் பெயரில் எழுதப்படுகிறது, பற்று யார் பெயரில் எழுதப்படுகிறது என்று பார்ப்பேன். வரவுப் பக்கத்தில் அமைச்சர்களும் பெரிய கம்பெனிகளும் நிற்பார்கள். பற்றுப் பக்கத்தில் நிற்பவருக்குத் தன் பெயர் அங்கே இருப்பதே பெரும்பாலும் தெரியாது.

முதலில் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். மின் ஸ்கூட்டர் நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் பெட்ரோல் ஸ்கூட்டரை விடப் புகை குறைவு. கணக்கு எளிது. நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் மூன்றரை யூனிட். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, இரண்டரை கிலோ. பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால், அதே தூரத்துக்கு ஐந்து கிலோவைத் தொடும். பேட்டரி செய்வதில் வரும் புகையைச் சேர்த்தாலும், தினம் ஓடுகிற வண்டியென்றால் மின் ஸ்கூட்டர்தான் ஜெயிக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ‘மின்வண்டிதான் அதிகப் புகை’ என்ற கதையை நம்பாதீர்கள். என் தரப்புக்குச் சாதகமான பொய் என்றாலும் பொய் பொய்தான்.

சரி, சந்தேகம் எங்கே தொடங்குகிறது? மேடையில் சொல்லும் எண்ணுக்கும் மீட்டரில் ஓடும் எண்ணுக்கும் உள்ள இடைவெளியில். நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் அல்லாத வகை ஆகிவிட்டது என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். உண்மைதான். ஆனால் நிறுவுதிறன் என்பது இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் பலகையில் எழுதியிருப்பது. உண்மையில் உற்பத்தியான யூனிட்டைப் பார்த்தால், 2023-24இல் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. ஒரு கிலோவாட் சோலார் நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக நாலு யூனிட் கொடுக்கும். அதே ஒரு கிலோவாட் அனல் மின்நிலையத்தில் இருந்தால், ஆண்டு முழுக்க இரவும் பகலும் அதைப் போல மூன்று, நாலு மடங்கு கொடுக்க முடியும். பலகையை மட்டும் கூட்டிப் பாதி என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் கேட்கிறவர் பாதி மின்சாரம் என்று புரிந்துகொள்வார் என்பது சொல்கிறவருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை 2012இல் இருட்டில் உட்கார்ந்து படித்தோம். சென்னைக்கு வெளியே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வெட்டு. சில ஊர்களில் பதினாறு மணி வரை. காற்றாலை நிறுவுதிறனில் அப்போது நாட்டிலேயே நாம்தான் முதலிடம். மே மாதக் கடைசியில் காற்று எழுந்தது, வெட்டு குறைந்தது. அக்டோபரில் காற்று படுத்தது, வெட்டு திரும்ப ஏறியது. ஓசூர் சிப்காட்டில் டீசல் ஜெனரேட்டர் சத்தம்தான். பெரிய ஆலைகள் தாங்கின. சிறு லேத் பட்டறைக்காரர்கள் பலருக்கு அந்த ஆண்டின் லாபம் டீசலாகவே போனது. அந்தச் சமயத்தில் கூடங்குளத்தின் முதல் அணு உலை ஏறத்தாழக் கட்டி முடிந்த நிலையில், போராட்டத்தால் மாதக்கணக்கில் வேலை நின்று கிடந்தது. 2013 அக்டோபரில்தான் மின்தொகுப்பில் சேர்ந்தது. புகையே விடாமல் இரவிலும் ஓடுகிற ஆயிரம் மெகாவாட்டை எதிர்த்தவர்களில் கணிசமானோர் தங்களைப் பசுமைத் தரப்பு என்றே சொல்லிக்கொண்டார்கள். ஜெர்மனியும் இதையே பெரிய அளவில் செய்தது. 2022இல் நிறுத்தி வைத்திருந்த நிலக்கரி நிலையங்களைத் திரும்ப ஓட்டினார்கள், 2023 ஏப்ரலில் கடைசி மூன்று அணு உலைகளை மூடினார்கள். கரியமில வாயுதான் கவலை என்றால் இந்த வரிசை எப்படி வரும்?

மாலை ஆறு மணிக்கு மேல் சோலார் பூஜ்யம். நம் வீடுகளில் விளக்கு, மின்விசிறி, ஏசி, மிக்சி எல்லாம் ஓடத் தொடங்கும் நேரமும் அதுதான். 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சோலார் பொங்கி, மாலையில் சட்டென்று இறங்கும்போது, அந்தப் பள்ளத்தை யாரோ நிரப்ப வேண்டும். அனல் மின்நிலையத்தை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது ஏற்ற முடியாது. பகலில் அதைப் பாதிச் சுமையில் ஓட்டி, மாலைக்காகக் காத்திருக்க வைக்கிறார்கள். அந்தக் காத்திருப்புச் செலவு சோலார் யூனிட்டின் விலையில் ஏறாது. ‘யூனிட் இரண்டரை ரூபாய்தான்’ என்று சோலாரைப் புகழ்கிற விளம்பரத்தில் அது தெரியாது. மின்வாரியத்தின் நட்டக் கணக்கில் தெரியும். ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் கடன் தூக்கிக்கொண்டு நிற்கும் வாரியம் நம்முடையது. முழுப் பழியும் சோலார் மேல் இல்லை; இலவச அரசியலுக்கும் தாமதமாக முடிந்த அனல் திட்டங்களுக்கும் அதில் பெரிய பங்கு. ஆனால் ஏற்கெனவே கூன் விழுந்த முதுகு என்பதை மறந்துவிட்டு மேலே மேலே ஏற்றுகிறோம்.

சேமித்து வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். கடம்பாறையில் 1980களின் கடைசியில் இருந்தே 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. அருமையான பொறியியல். அதே வகையில் நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. சோலார் பேனல் மாட்டுவதற்கு ரிப்பன் வெட்டு சீக்கிரம் நடக்கும், படமும் நன்றாக வரும். மலைக்குள் சுரங்கம் குடைகிற வேலையில் இரண்டு தேர்தல் கடந்துவிடும். பேட்டரி விலை பத்தாண்டில் பலமாகச் சரிந்திருப்பது உண்மை, அது தொடர்ந்தால் என் சந்தேகத்தில் ஒரு பங்கு தானாகவே கரையும். கரையட்டும். அதுவரைக்கும் சேமிப்புக்கு முன்னால் உற்பத்தியை ஓட விடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

நம் மாவட்டங்களுக்குப் பசுமை வாக்குறுதி புதிதும் அல்ல. காட்டாமணக்கு ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வயதுக்கு இருக்காது, அப்பாவைக் கேளுங்கள். 2003இல் மத்தியத் திட்டக் குழு, டீசலில் ஐந்தில் ஒரு பங்கு தாவர எண்ணெய் கலக்கலாம், அதற்குத் தரிசு நிலத்தில் காட்டாமணக்கு நடலாம் என்று பெரிய கணக்குப் போட்டது. அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது அவரே மேடைகளில் அதை எடுத்துச் சொன்னார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். மாநிலத்தில் மானியம், நாற்று, ஒப்பந்தச் சாகுபடி எல்லாம் வந்தது. ஆடு கடிக்காது, தண்ணீர் வேண்டாம், முப்பது ஆண்டு காய்க்கும் என்றார்கள். மூன்றும் அரை உண்மை. தண்ணீர் இல்லாமல் செடி உயிரோடு இருக்கும், ஆனால் காய்க்காது. காய்க்க வேண்டுமென்றால் நிலக்கடலைக்கு விடுகிற தண்ணீரை அதற்கு விட வேண்டும். ஆடு கடிக்காது என்பது உண்மை. ஏனென்றால் அது விஷம், பிண்ணாக்கைக்கூட மாட்டுக்குப் போட முடியாது. நம் பாட்டன்மார்கள் அதைக் கொல்லைக்கு வேலியாக மட்டும் நட்டார்கள், உள்ளே நடவில்லை. அவர்கள் விவசாயப் பல்கலைக்கழகம் போகாதவர்கள். மானாவாரியில் சாமையோ கேழ்வரகோ போட்டுக் களி தின்றுகொண்டிருந்த நிலத்தில், வாங்க ஆளில்லாத விதையைப் பறித்துக்கொண்டு நின்றவர்களுக்கு யாரும் நட்டஈடு தரவில்லை. இலக்கு வைத்த 2011-12 வந்தது, போனது. 2009இல் புதுக் கொள்கை போட்டு 2017 என்றார்கள். அதுவும் போனது. அந்தத் திட்டத்தை வகுத்தவர்களில் யாராவது ஒரு ஏக்கர் நட்டுப் பார்த்தார்களா?

இப்போது அதே கதை வேறு உடையில் எத்தனாலாக வந்திருக்கிறது. இதில் இலக்கை எட்டியும் விட்டார்கள், பெட்ரோலில் 20 சதம். அதற்காக மக்காச்சோளமும் அரிசியும் சாராய ஆலைக்குப் போகின்றன. தீவன விலை ஏறி நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் சத்தம் போட்டார்கள். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த மக்காச்சோளத்தை 2024இல் இறக்குமதி செய்தோம். பழைய வண்டியில் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது. பெட்ரோல் பங்கில் போய் ‘எனக்குக் கலக்காத பெட்ரோல் கொடு’ என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்காது. தேர்வு செய்யும் உரிமையை எடுத்துவிட்டுப் பிறகு ‘மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்’ என்பது இந்தக் காலத்து வழக்கம்.

2011இல் வந்த சோலார் பசுமை வீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 300 சதுர அடி வீடு, 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 சோலார் விளக்குகளுக்கு. வீடு நல்ல திட்டம். ஏழைக்குக் கான்கிரீட் கூரை கிடைத்தது. ஐந்து விளக்கை எரிய வைக்கிற பேட்டரியின் ஆயுள் நாலைந்து ஆண்டு. அது செத்த பிறகு புதுசு வாங்க அந்தக் குடும்பத்திடம் ஏது பணம்? திட்டத்தில் அதற்குத் தலைப்பே கிடையாது. கிராமங்களில் கம்பத்தின் உச்சியில் பேட்டரிப் பெட்டி இல்லாமல் நிற்கிற சோலார் தெருவிளக்குகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

காற்றாலைக்கும் இதே நோய் இருந்தது. 1990களில் முதல் ஆண்டிலேயே முழு விலையையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரிச் சலுகை கொடுத்தார்கள், பிறகு அது 80 சதமாக இருந்தது. வரி கட்ட வேண்டிய பெரிய ஆட்கள் மார்ச் 31க்குள் ஆலை நட்டுவிடப் பறந்தார்கள். நட்டதற்குச் சலுகை, ஓடியதற்கு அல்ல. அதனால்தான் நல்ல காற்று வீசும் இடங்களையெல்லாம் அந்தக் காலத்துச் சின்ன இயந்திரங்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரியது நட இப்போது தனிக் கொள்கை போட வேண்டியிருக்கிறது.

இனி எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். கம்பி.

காற்றும் வெயிலும் ஓரிடத்தில், தேவை வேறிடத்தில். ஆகவே பசுமை மின்சாரம் அதிகமாக ஆக, உயரழுத்தக் கோபுரங்களும் அதிகமாகும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கத்து நிலக்கரி மின்சாரத்தை இங்கே கொண்டுவரவும், காற்றுக் காலத்தில் இங்கே மிஞ்சுவதை அங்கே அனுப்பவும் என்று விளக்கினார்கள். தர்மபுரியில் 765 கிலோவோல்ட் துணை மின்நிலையமும் இருக்கிறது. பல திசைக் கம்பிகள் அங்கே வந்து முடிகின்றன. நாட்டுக்கு இவை தேவைதான். நானும் கம்பி இழுத்த வாரியத்தில் சம்பளம் வாங்கியவன்தான்.

ஆனால் இதை எந்தச் சட்டத்தில் செய்கிறார்கள் தெரியுமா? 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம். தந்திக் கம்பம் நடுவதற்காக வெள்ளைக்காரன் போட்டது. அதன் அதிகாரத்தை மின்பாதை போடுகிறவருக்கும் தரலாம் என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு சொல்கிறது. நிலத்தை எடுப்பதில்லை, ‘பயன்படுத்துகிறார்கள்’, அவ்வளவுதான். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். வரியும் நீங்களே கட்டலாம். ஆனால் 765 கிலோவோல்ட் என்றால் அறுபது மீட்டருக்கு மேல் அகலமான பட்டைக்குள் வீடு கட்ட முடியாது, தென்னை வைக்க முடியாது, உயரமாக வளரும் மா வைக்க முடியாது, போர் போடும் வண்டியை நிறுத்தப் பயம். அந்த நிலத்தைக் கிரயம் பேசப் போனால் வாங்க வருகிறவர் முதலில் மேலே அண்ணாந்து பார்ப்பார். காவேரிப்பட்டணம், சந்தூர்ப் பக்கம் இருபது வருஷ மாமரம் என்றால் அது ஒரு குடும்பத்தின் ஓய்வூதியம். அதை வெட்டிவிட்டு மரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

2015 அக்டோபரில்தான் மத்திய மின்துறை, கோபுரக் கால் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதம், கம்பிக்குக் கீழ் உள்ள பட்டைக்கு 15 சதம் வரை என்று ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. வழிகாட்டுதல், சட்டம் அல்ல. மதிப்பு என்றால் அரசு வழிகாட்டி மதிப்பு. சந்தை விலை வேறு கிரகத்தில் இருக்கும். 2018, 2019இல் மேற்கு மாவட்டங்களில் விவசாயிகள் வயலில் உட்கார்ந்து போராடியது இதற்காகத்தான். கம்பியே வேண்டாம் என்றவர்களைவிட, சாலையோரமாகப் புதைத்துக் கொண்டு போ, இல்லாவிட்டால் ஆண்டு வாடகை கொடு என்று கேட்டவர்களே அதிகம். வாடகை கேட்டது அநியாயமா? ஒரு கைபேசிக் கோபுரத்துக்கு மாடியைக் கொடுத்தவருக்கு மாதாமாதம் வாடகை வருகிறதே. 2024இல் புது வழிகாட்டுதலில் கோபுர இடத்துக்கு 200 சதம், பட்டைக்கு 30 சதம் என்று உயர்த்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் அதற்கு முன்னால் மரம் இழந்தவர்களுக்குக் கொடுத்தது குறைவு என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? அவர்களுக்குப் பாக்கியைக் கொடுப்பார்களா?

எரிவாயுக் குழாயும் இதே கதைதான். தூய்மையான எரிபொருள் என்ற பெயரில் கொச்சியிலிருந்து பெங்களூர் போகும் குழாய், கொங்கு வழியாக தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலங்களுக்குள் வருகிறது. 2013இல் ஜெயலலிதா அரசு நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுபோகச் சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குழாய் பதிக்கும் மத்திய அரசு நிறுவனமான கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சொத்துரிமை பேசுகிற வலதுசாரிகளும் சிறு விவசாயி பேசுகிற இடதுசாரிகளும் ஒரே பந்தலில் உட்கார வேண்டிய விஷயம் இது. ‘நாட்டு வளர்ச்சி’ என்று ஒருவர் ஒதுங்கினார், ‘பருவநிலை’ என்று இன்னொருவர் ஒதுங்கினார்.

ஸ்கூட்டருக்குத் திரும்புகிறேன். 2021 ஜூனில் மத்திய அரசின் ஃபேம் திட்டத்தில் மின் இருசக்கர வண்டிக்கு ஒரு கிலோவாட்-மணி, அதாவது ஒரு யூனிட் கொள்ளளவு பேட்டரிக்கு 15,000 ரூபாய் மானியம் என்று உயர்த்தினார்கள். மூன்று கிலோவாட்-மணி வண்டிக்கு 45,000. சாலை வரி விலக்கு, ஜிஎஸ்டி 5 சதம் மட்டும் என்பதெல்லாம் தனி. அந்த வண்டியை வாங்கியவர் யார்? லட்சம் ரூபாய்க்கு மேல் போட முடிந்தவர், வீட்டில் சார்ஜ் ஏற்ற ஒரு வாசலும் பிளக்கும் உள்ளவர். பாலக்கோடு சந்தைக்குத் தக்காளிக் கூடையோடு டிவிஎஸ் எக்ஸ்.எல்.லில் போகிறவர் அல்ல. எக்ஸ்.எல்.காரர் தினம் போடுகிற ஒவ்வொரு லிட்டரிலும் மத்தியக் கலால் ஒரு பக்கம், மாநில வரி 13 சதத்தோடு 11 ரூபாய் 52 காசு இன்னொரு பக்கம். அவர் வரி கட்டுகிறார், மானியம் ஓசூர் அடுக்குமாடிக்குப் போகிறது. இதை முற்போக்கு என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை.

2023 ஜூனில் அந்த மானியத்தைக் குறைத்தார்கள். மே மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி, ஜூனில் பாதிக்கும் கீழே விழுந்தது. பிறகு கம்பெனிகள் விலை குறைந்த மாடல்கள் கொண்டுவந்தன, வியாபாரம் மெல்ல எழுந்தது. 2025-26இல் மானியம் கிலோவாட்-மணிக்கு 2,500 வரை இறங்கியது, அப்போதும் வண்டி விற்றது. எனக்கு இந்தப் பகுதிதான் பிடித்திருக்கிறது. தாங்குகட்டையை எடுத்த பிறகும் நிற்கிற வண்டிக்கு நான் எதிரி அல்ல. டிவிஎஸ், ஏத்தர், ஓலா எல்லாம் இந்த மாவட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு, அதுவும் போச்சம்பள்ளியில் நம் பெண்பிள்ளைகளுக்கு, வேலை கொடுத்தது சின்ன விஷயமில்லை. ஆனால் வேலையின் கழுத்து எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. உலகின் அந்தக் காந்தத்தில் சுமார் 90 சதம் அங்கேதான் செய்யப்படுகிறது. பெரும்பாலான மின் ஸ்கூட்டர் மோட்டார்கள் அந்தக் காந்தத்தை வைத்துத்தான் சுற்றுகின்றன. நம் நாட்டில் சில கம்பெனிகள் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது. அரபு நாட்டுப் பெட்ரோலை நம்பியிருக்கிறோம் என்று அழுதோம். பெட்ரோலாவது பத்து நாட்டில் வாங்கலாம். சோலார் பேனலின் மூலப்பொருள், பேட்டரி செல், காந்தம் மூன்றும் ஒரே வாசலில் நிற்க வைத்துவிட்டன. தற்சார்பு என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஓசூர் சிறுதொழில்காரர்கள் நிலைமை இன்னும் வேடிக்கை. கூரையில் சோலார் போடு என்று ஒரு துறை பிரச்சாரம் செய்தது. போட்டவர்களிடம், நீயே செய்து நீயே பயன்படுத்தும் மின்சாரத்துக்கும் யூனிட்டுக்கு 1.53 ரூபாய் நெட்வொர்க் கட்டணம் கட்டு என்று இன்னொரு உத்தரவு வந்தது. 2023 செப்டம்பரில் மாநிலம் முழுக்கச் சிறுதொழில்கள் கதவடைத்த பிறகு அதைப் பாதியாக்கினார்கள். வாரியத்தின் பக்கமும் நியாயம் உண்டு: பகலில் தன் சோலாரை ஓட்டிவிட்டு மாலையில் வாரியத்தை நம்புகிறவருக்காகவும் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நியாயத்தைப் பேனல் விற்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். கடன் வாங்கிப் போட்ட பிறகு சொன்னால் அதன் பெயர் வேறு. இதற்கு மேல் ஐரோப்பா 2026 முதல் இரும்புச் சாமான்களுக்கு எல்லையில் கரிய வரி போடுகிறது. போல்ட், நட் செய்து அனுப்புகிற பட்டறையிடம் ஒவ்வொரு டன்னுக்கும் எவ்வளவு புகை என்று கணக்குக் கேட்கிறார்கள். இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயுவுக்குக் காரணம், அமெரிக்கர் பதினான்கு டன். இருநூறு ஆண்டு எரித்துவிட்டு நமக்குத் தணிக்கை அதிகாரியாக வருகிறார்கள்.

சோலார் பம்ப்செட் பற்றி மட்டும் என் கருத்து இரண்டாகப் பிரியும். பகலில்தான் வெயில், பகலில்தான் பாசனம். இவ்வளவு பொருத்தமான ஜோடி வேறு கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வருமென்று பாம்பு மிதித்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓட வேண்டாம். ஊருக்கு ஒரு சின்னச் சோலார் நிலையம் வைத்து விவசாய ஃபீடரை, அதாவது பாசனத்துக்கென்று பிரித்த மின்பாதையை, அதில் ஓட்டுவதை நான் கை தட்டி வரவேற்பேன். தனித்தனிக் கொல்லைக்கு மானியத்தில் பம்ப் கொடுப்பதில்தான் பயம். ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்ட தண்ணீரை, செலவே இல்லாமல் காலை முதல் மாலை வரை உறிஞ்ச ஒரு கருவி. தர்மபுரியில் ஆழம் போகப் போக ஃப்ளோரைடு ஏறுகிறது. பல்லில் கறை, எலும்பில் வலி என்று ஒரு தலைமுறையே பட்டது. அதற்காகத்தான் 1,928 கோடி ரூபாய்க்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஒரு கையால் அங்கே அவ்வளவு செலவு செய்துவிட்டு, இன்னொரு கையால் இன்னும் ஆழமாக உறிஞ்ச மானியம். ஏரி தூர்வாரிக் கால்வாயைச் சரிசெய்கிற ஊருக்கு மட்டும் பம்ப் என்று ஒரு நிபந்தனை போட்டால் என்ன கெட்டுவிடும்?

சுற்றுச்சூழல் அக்கறையே இல்லாத ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். கெலவரப்பள்ளி அணைக்குப் போய்ப் பாருங்கள். தென்பெண்ணையில் பெங்களூர்க் கழிவு கலந்து, மழை பெய்தால் நுரை மலை மாதிரி எழுகிறது. அந்தத் தண்ணீரில்தான் ஓசூர்ப் பக்கம் விவசாயம். இதற்குக் கண்டுபிடிக்க வேண்டிய புதுத் தொழில்நுட்பம் எதுவுமில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து விடுகிற பழைய வேலைதான். ஆனால் 2070இல் நாட்டின் கரியமில வாயுக் கணக்கு நிகரப் பூஜ்யம் ஆகும் என்று அறிவிப்பது எளிது, அடுத்த மாநிலத்துச் சாக்கடையை நிறுத்துவது கஷ்டம். 2023 மார்ச்சில் கம்பைநல்லூர்ப் பக்கம் ஏரிக்கரை ஏறிய யானை ஒன்று மின்கம்பியில் பட்டுச் செத்ததை ஊரே கைபேசியில் பார்த்தது. தொங்கும் கம்பியை இழுத்துக் கட்டவும், இற்றுப்போன கம்பத்தை மாற்றவும் ஆளும் சாமானும் வேண்டும். வயர்மேன் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. ஒரு லைன்மேன் நாலு ஊரைப் பார்க்கிறார். புதுப் பசுமைத் திட்டம் ஒன்றுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தால் மின்னிழப்பும் குறையும், உயிரும் மிஞ்சும்.

இப்போது உங்கள் வீட்டுக் கூரை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடா? அப்படியென்றால் தாராளமாகப் போடுங்கள். 500க்கு மேல் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது. 3 கிலோவாட் இரண்டு மாதத்துக்கு எழுநூறு யூனிட் கொடுக்கும். மத்திய மானியம் 78,000 ரூபாய். சில ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும். இருநூறு யூனிட்டுக்குள் முடிகிற வீடு என்றால் வேண்டாம். 2025 கட்டணப்படி முதல் நூறு இலவசம், அடுத்த நூறு இரண்டேகால் ரூபாய்ச் சொச்சம். அதை மிச்சம் பிடிக்கக் கடன் வாங்குவது வீண்.

முகவர் சொல்லாமல் விடுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இல்லாமல் மீட்டரோடு இணைக்கிற சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், நடுப்பகல் வெயிலிலும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் உங்கள் வீட்டு மின்சாரத்தில் அடிபடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ‘இனி கரண்ட் கட்டே இல்லை’ என்று யாராவது சொல்லி விற்றால் திருப்பி அனுப்புங்கள். பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்பார்கள். இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆண்டு, கெட்டால் எத்தனை நாளில் ஆள் வருவார், இருவழி மீட்டர் மாட்டுவது யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். கூரையில் தென்பக்கம் மறைக்கிற மாமரம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், மரத்தை வெட்டாமல் பேனலை எங்கே வைக்கலாம் என்று பார்க்கலாம்.